கேட்காத கேள்விக்கு மண் பதில் சொல்லாது



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலத்தடி நீரை ஆராய்கிறவர்களுக்கு இதுதான் அன்றாட வேலை. கண்ணாடி டம்ளரில் பிடித்த நீர் தெளிந்திருக்கும். அதில் கரைந்திருக்கும் நஞ்சு நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. ஆண்டுக்கணக்கில் அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அப்படிப்பட்ட நீரையும் அது ஊறி வந்த மண்ணையும் எப்படி விசாரிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. பொதுவாகப் பேசினால் மனத்தில் நிற்காது என்பதால் ஓர் ஊரின் கதையைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் வூபர்ன் என்று ஓர் ஊர். தோல் பதனிடும் தொழிலுக்கும் வேதிப்பொருள் ஆலைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர் பெற்றது. ஊரின் கிழக்குப் பக்கம் ஆபர்ஜோனா என்ற சிற்றாறு ஓடுகிறது. பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையும் அந்தப் பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கின்றன. இறைத்தால் நீர் வற்றாமல் சுரக்கும் நிலம். 1964-இலும் 1967-இலும் அங்கே நகராட்சி இரண்டு கிணறுகளை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஜி கிணறு, எச் கிணறு என்று அவற்றுக்குப் பெயர்.

தண்ணீர் வரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கிழக்கு வூபர்ன் மக்கள் புகார் சொன்னார்கள். வாடை அடிக்கிறது, ருசி சரியில்லை, நிறம் மாறுகிறது என்றார்கள். அதிகாரிகள் சோதித்தார்கள். எதைச் சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம். பாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தபோது குளோரின் கலந்தார்கள். அந்தக் காலத்தில் குடிநீர் என்றால் எல்லா ஊரிலும் கேட்கப்பட்ட கேள்வி அது. காலராவும் டைஃபாய்டும் கற்றுக்கொடுத்த கேள்வி. தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் வழி இல்லை. நீரில் நூறு கோடியில் சில பங்கு அளவுக்குக் கலந்திருக்கும் ஆவியாகும் வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எளிய முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 1974-இல்தான் வெளியிட்டார்கள்.

கருவி வந்தும் ஐந்து ஆண்டுகள் கேள்வி வரவில்லை. 1979 மே மாதத்தில் ஆற்றங்கரைக் காலி மனையில் யாரோ திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டுப் போன 184 பீப்பாய்களைக் காவல்துறை கண்டுபிடித்தது. பக்கத்தில் குடிநீர்க் கிணறுகள் இருக்கின்றனவே என்ற முன்னெச்சரிக்கையில் மாநில அதிகாரிகள் அவற்றின் நீரை முதன்முறையாகக் கரைப்பான்களுக்காகச் சோதித்தார்கள். ஜி கிணற்றில் ஒரு லிட்டர் நீரில் 267 மைக்ரோகிராம் ட்ரைகுளோரோஎத்திலீன் இருந்தது. டெட்ராகுளோரோஎத்திலீன் 21 மைக்ரோகிராம் இருந்தது. குளோரோஃபாமும் வேறு சிலவும் இருந்தன. அந்த மாதமே இரண்டு கிணறுகளும் மூடப்பட்டன. பிறகு குடிநீருக்கு அவை திறக்கப்படவே இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிணற்றில் கண்ட வேதிப்பொருள்கள் அந்த 184 பீப்பாய்களிலிருந்து வந்தவை அல்ல. பீப்பாய்கள் கேள்வியை எழுப்பின, அவ்வளவுதான். யாரும் அவற்றைக் கொட்டாமல் இருந்திருந்தால், மக்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் அந்த நீரைக் குடித்திருப்பார்களோ! இன்றைய பேச்சின் சாரமே இதுதான். மண்ணும் நீரும் உண்மையை ஒளித்து வைப்பதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். பாக்டீரியாவைப் பற்றிக் கேட்டால் பாக்டீரியாவைப் பற்றித்தான் சொல்லும்.

அதிகாரிகளுக்கு முன்பே அந்த ஊரில் ஒரு தாய் கேள்வி கேட்டிருந்தார். தன் மகனுக்கு லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோய். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் தன் தெருப்பக்கத்துப் பிள்ளைகளையே அங்கே பார்த்தார். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது என்ன, காற்றா, தண்ணீரா என்று கேட்டார். தற்செயல் என்று பலர் சொன்னார்கள். பிறகு ஊர்ப் போதகரும் அவரும் சேர்ந்து நோயுற்ற பிள்ளைகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். பல வீடுகள் ஒரே பக்கத்தில் நெருங்கி நின்றன. மாநிலச் சுகாதாரத் துறை 1981-இல் எண்ணிப் பார்த்தபோது, 1969 முதல் 1979 வரை வூபர்னில் 12 பிள்ளைகளுக்கு லுக்கேமியா வந்திருந்தது. அந்த அளவுள்ள ஊரில் ஐந்து பேர்வாக்கில்தான் எதிர்பார்க்கலாம். ஆய்வுக் கருவி எதுவும் இல்லாத ஒரு தாயின் கவனிப்புதான் இந்த விசாரணையின் முதல் ஏடு. அதை நாம் மறக்கக் கூடாது.

இனி அந்த வேதிப்பொருளைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். எதிராளியின் குணம் தெரியாமல் விசாரணை நடத்த முடியாது.

ட்ரைகுளோரோஎத்திலீனைச் சுருக்கமாக டி.சி.இ. என்போம். எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் கரைக்கும். தீப்பற்றுவது கடினம். தானே உலர்ந்துவிடும். உலோகப் பாகங்களின் கிரீஸை எடுக்கத் தொழிற்சாலைகளுக்கு இதைவிட வசதியான பொருள் இருக்கவில்லை. ஒரு காலத்தில் பிரசவ வலியைத் தணிக்கும் மயக்க மருந்தாகவும் கொடுத்தார்கள், காபியிலிருந்து காஃபீனை நீக்கவும் பயன்படுத்தினார்கள். அதன் உறவுக்காரப் பொருளான டெட்ராகுளோரோஎத்திலீன் டிரை கிளீனிங் கடைகளின் உயிர்நாடியாக இருந்தது. உபயோகித்தது போக மிஞ்சிய அழுக்குக் கரைப்பானை வாளியில் எடுத்துப் பின்கட்டில் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் தரை உலர்ந்துவிடும். ஆவியாகிப் போய்விட்டது என்று கொட்டியவர் நம்பினார். ஒரு பங்கு ஆவியானது உண்மை. மிச்சம் இறங்கியது.

எண்ணெய் நீரில் மிதக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டி.சி.இ. மிதக்காது. நீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரிலுள்ள நீரியல் நிறுவனத்தில் ஃப்ரீட்ரிஷ் ஷ்வில்லே என்ற ஆய்வாளர் கண்ணாடித் தொட்டிகளில் மணலையும் நீரையும் நிரப்பி, மேலே கரைப்பானை ஊற்றி, அது இறங்கும் வழியைக் கவனித்தார். நிலத்தடி நீர்மட்டத்தை எட்டியதும் அது நிற்கவில்லை, அதையும் துளைத்துக்கொண்டு போனது. போகும் வழியெல்லாம் மணல் இடுக்குகளில் துளித்துளியாகத் தங்கியது. களிமண் அடுக்கைத் தொட்டதும் அதன் மேல் குட்டையாகத் தேங்கி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வழிந்தது. நீர் ஓடும் திசைக்கும் அது வழியும் திசைக்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. ஷ்வில்லேயின் நூல் 1988-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, உலகெங்கும் நீரியலாளர்கள் தாங்கள் தவறான ஆழத்தில் தேடிக்கொண்டிருந்ததை உணர்ந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் குடிநீரில் டி.சி.இ.க்கு 1987-இல் அறிவித்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் டி.சி.இ.யின் எடை ஏறத்தாழ 1.46 கிலோ. அது முழுக்கக் கரைந்தால் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பு வரை நிரப்பிவிடும். ஒரு வாளி சிந்தியதை அற்பம் என்று தள்ள முடியாததற்குக் காரணம் இதுதான். வூபர்ன் ஜி கிணற்றில் கண்டது இந்த வரம்பைப் போல 53 மடங்கு. 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டி.சி.இ.யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

இப்படிப்பட்ட பொருள் ஒரு தொழிற்சாலை வளாகத்தின் கீழே இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுபோவது முதல் வேலை இல்லை. முதல் வேலை ஆட்களிடம் பேசுவது. பழைய வரைபடத்தில் எந்தக் கட்டடம் எங்கே இருந்தது, கிரீஸ் எடுக்கும் தொட்டி எந்த மூலையில் இருந்தது, சாக்கடை எந்தப் பக்கம் போனது, டிரம்களை எங்கே அடுக்கினார்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதெல்லாம் ஓய்வுபெற்ற தொழிலாளியின் நினைவில்தான் இருக்கும். வூபர்னிலும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்தின் ஆலைக்குப் பின்னால் கரைப்பானைத் தரையில் கொட்டியதைச் சொன்னவர்கள் அங்கே வேலை பார்த்தவர்களே. 1983-இல் அந்த வளாகத்தில் தோண்டியபோது புதைத்த பீப்பாய்கள் வெளிவந்தன. கரைப்பான்களின் அளவைப் பற்றி அரசு முகமைக்குப் பொய்த் தகவல் கொடுத்ததாக அந்த நிறுவனம் 1988-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது.

அடுத்து நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய வேண்டும். இதற்குக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் சரிவு தெரியும். நிலத்தடி நீர் ஆறு போல ஓடாது, எறும்பு போல ஊரும். கனடாவில் போர்டன் என்ற இடத்தில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஆராய்ந்த மணல் நிலத்தில் அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் போக 30 ஆண்டுகள் ஆகும். அதாவது இன்று நம் குழாயில் வருவது, நாம் பிறப்பதற்கு முன்பு கொட்டியதாகவும் இருக்கலாம்.

துளையிடும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. களிமண் அடுக்கின் மேல் தேங்கிய குட்டையைத் தெரியாமல் துளைத்துவிட்டால், நாம் போட்ட துளையே நஞ்சு இறங்கும் படிக்கட்டாகிவிடும். அதுவரை சுத்தமாக இருந்த அடியடுக்கை ஆய்வு செய்ய வந்தவரே கெடுத்துவிடுவார். அதனால் அனுபவமுள்ளவர்கள் வெளியிலிருந்து உள்ளே போவார்கள். மேல் அடுக்கைக் கேசிங் குழாய் போட்டு அடைத்த பிறகே கீழே துளைப்பார்கள். ஒரே கிணற்றில் நீண்ட சல்லடைக் குழாய் வைத்து எல்லா ஆழத்து நீரையும் கலந்து எடுத்தால் நஞ்சு நீர்த்துப்போய், இல்லை என்று அறிக்கை வரும். ஒவ்வோர் ஆழத்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஓர் அடி மேலே சுத்தமாகவும் ஓர் அடி கீழே கடும் நஞ்சாகவும் இருப்பது இந்தத் துறையில் சாதாரணம்.

மாதிரி எடுக்கும் கைக்கும் நிதானம் வேண்டும். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்பி மூட வேண்டும். குமிழி இருந்தால் கரைப்பான் அதற்குள் ஆவியாகி ஏறிவிடும். அமிலத் துளி சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, குறித்த நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மண் மாதிரியை எடுத்த இடத்திலேயே மெத்தனாலில் போட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரில் கொண்டுபோனால், ஆய்வகத்துக்குப் போவது மண் மட்டும்தான். நஞ்சு வழியிலேயே பறந்திருக்கும். வெறும் சுத்த நீர் அடைத்த குப்பி ஒன்றும் உடன் போய்வரும். அதில் கரைப்பான் கண்டால் மாதிரிகள் வழியில் கெட்டிருக்கின்றன என்று பொருள். தன் அளவீட்டையே சந்தேகிக்கும் இந்த நேர்மைதான் அறிவியலை வதந்தியிலிருந்து பிரிக்கிறது.

எண்கள் வந்த பிறகு அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். டி.சி.இ. நீரில் கரையக்கூடிய உச்ச அளவில் ஒரு விழுக்காடு தாண்டியிருந்தால், அருகில் எங்கோ கரையாத கரைப்பானே தேங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காற்றுப் புகாத மண்ணில் சில நுண்ணுயிர்கள் டி.சி.இ.யின் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றும். நல்ல செய்திதான். ஆனால் நடுவழியில் வைனைல் குளோரைடு உண்டாகும். அது தாய்ப்பொருளைவிடக் கொடியது, அமெரிக்காவில் அதன் வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். டி.சி.இ. குறைந்துவிட்டது என்ற ஓர் எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்தால் பிள்ளை பிழைத்ததா என்று கேட்காமல் காய்ச்சல் இறங்கியதை மட்டும் கொண்டாடியது போலாகும்.

மறுபடி வூபர்னுக்கு வருவோம். எட்டுக் குடும்பங்கள் 1982-இல் கிரேஸ், பீட்ரிஸ் முதலிய நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தன. கிணறுகள் மூடிக் கிடந்ததால், அவை இறைத்துக்கொண்டிருந்த காலத்தில் நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை வெறும் நீர்மட்டத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அதனால் 1985 டிசம்பரில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் இரண்டு கிணறுகளையும் மறுபடி ஓடவிட்டார்கள். 30 நாள் இடைவிடாமல் இறைத்தார்கள். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தையும், ஆற்றின் ஓட்டத்தையும் அளந்தார்கள். கிணறுகள் இறைத்த நீரில் ஏறத்தாழப் பாதி ஆற்றிலிருந்தும் சதுப்பிலிருந்தும் உறிஞ்சப்பட்டது என்று தெரிந்தது. நிலத்திடம் நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு நிலம் தெளிவாகச் சொன்ன பதில் அது.

நீதிமன்றத்தில் கேட்ட கேள்வி வேறு வகை. 78 நாள் விசாரணைக்குப் பின், சாதாரண மக்களான ஆறு ஜூரிகளிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் வேதிப்பொருள் கிணறுகளை மாசுபடுத்தியது என்பதோடு, அது எந்த ஆண்டு எந்த மாதத்தில் முதன்முதலாகக் கிணறுகளை எட்டியது என்றும் கேட்டிருந்தது. 1964-க்கும் 1979-க்கும் இடையில் ஒரு தடவைகூட யாரும் அளந்து வைக்காத ஒன்றுக்கு, மாதத்தைச் சொல் என்றால் யார் சொல்வது? எந்தப் பேரறிஞரும் சொல்ல முடியாத பதில் அது. ஜூரிகள் தங்களால் இயன்றதைச் சொன்னார்கள். பீட்ரிஸ் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். கிரேஸ் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பின் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று நீதிபதி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 1986 செப்டம்பரில் 80 லட்சம் டாலர் சமரசத்தோடு வழக்கு முடிந்தது. அதற்குப் பின் அரசு முகமையும் சம்பந்தப்பட்ட நிறுவனங்களும் 1991-இல் செய்துகொண்ட துப்புரவு ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 7 கோடி டாலர்.

நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கும் வூபர்னே சான்று. மாசசூசெட்ஸ் சுகாதாரத் துறை 1969 முதல் 1989 வரை நோயுற்ற பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. ஊரின் குடிநீர்க் குழாய் வலையைக் கணினியில் வடித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதமும் ஜி, எச் கிணறுகளின் நீர் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட்டது. ஒவ்வொரு பிள்ளையின் தாயும் கருவுற்றிருந்தபோது எந்த வீட்டில் இருந்தார் என்று பார்த்தது. 1990-களின் பின்பகுதியில் முடிவு வந்தது. கர்ப்ப காலத்தில் தாய் குடித்த அந்த நீருக்கும் பிள்ளையின் லுக்கேமியாவுக்கும் தொடர்பு தெரிந்தது. பிறந்த பிறகு பிள்ளை குடித்ததற்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. எண்ணிக்கை சிறியது, எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்று அந்த ஆய்வே சொன்னது. ஒரு தாய் மருத்துவமனை வராந்தாவில் கேட்ட கேள்விக்கு இருபது ஆண்டுக்கு மேல் கழித்து வந்த பதில், ஒரு தாயின் கருவறையைத் தொட்டு நின்றது.

சரி, கெட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய ஏன் நெடுங்காலம் ஆகிறது என்று நீங்கள் கேட்கலாம். களிமண் ஒரு கஞ்சன். ஆண்டுக்கணக்கில் தன்னோடு உரசிப்போகும் கரைப்பானைச் சிறுகச் சிறுக உள்ளே இழுத்துக்கொள்ளும். மணலில் உள்ள நீரை நாம் இறைத்துச் சுத்தம் செய்ததும், உள்ளே வைத்ததைச் சிறுகச் சிறுக வெளியே விடும். பம்பை நிறுத்தியதும் எண்கள் மறுபடி ஏறும். பத்து ஆண்டில் கொட்டியதை நூறு ஆண்டு இறைத்தாலும் முழுதாக எடுக்க முடியாத இடங்கள் உண்டு.

ஆகவே, மாணவ நண்பர்களே, மிக மலிவான விசாரணை எது தெரியுமா? மண்ணில் இறங்குவதற்கு முன் செய்யும் விசாரணை. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது. இந்த ஆண்டு எத்தனை டிரம் கரைப்பான் வாங்கினோம்? உபயோகித்த பிறகு எத்தனை டிரம் முறையாக வெளியே அனுப்பினோம்? காற்றில் எவ்வளவு போயிருக்க முடியும்? மிச்சம் எங்கே? இந்தக் கணக்கைப் போட வேதியியல் பட்டம் வேண்டாம், பத்தாம் வகுப்புக் கழித்தல் போதும். கணக்கு உதைக்கிற இடத்தில்தான் நிலம் கெடுகிறது. நாளை நீங்கள் பொறியாளராக, கணக்கராக, அதிகாரியாக ஒரு தொழிற்சாலைக்குள் போவீர்கள். அங்கே ஸ்டோர் அறையில் நின்று இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சரியான பதில் வரும்வரை கேளுங்கள். நீங்கள் அன்று கேட்டுவிட்டால், முப்பது ஆண்டு கழித்து எந்தத் தாயும் மருத்துவமனை வராந்தாவில் அதைக் கேட்க வேண்டியிருக்காது.